ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட்: ஆங்கில வரிசை எண்களைப் பழகுவோம்



ஒன், டூ, த்ரீ என்று ஆங்கிலத்தில் நூறு வரைக்கும் எண்ணத் தெரிந்தவர்கள் இப்போது எல்லா லயங்களிலும் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்கூட மளமளவென்று சொல்லும். ஆனால் "ட்வெல்ஃப்த்துக்கு வாங்க", "செகண்ட் ஃபுளோருக்குப் போங்க" என்று யாராவது சொன்னால் பலர் கொஞ்சம் தடுமாறிப் போகிறோம். இவை எண்ணிக்கையைச் சொல்லும் எண்கள் அல்ல. வரிசையில் எந்த இடம் என்று சொல்லும் எண்கள். இவற்றை வரிசை எண்கள் என்போம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புதிதல்ல. காலை, பகல், மாலை என்று ஒரு நாளில் மூன்று முறை கொழுந்து நிறுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். "மூணு நிறுவையில 18 கிலோ" என்றால் அது அன்றைய மொத்தக் கொழுந்து. "மூணாவது நிறுவையில 6 கிலோ" என்றால் அது மாலையில் எடுத்த கொழுந்து மட்டும். "மூணு" என்ற இடத்தில் "மூணாவது" என்று எழுதிவிட்டால் கணக்கே புரண்டுவிடும். ஆங்கிலத்தில் "த்ரீ" என்பது மூன்று, "தேர்ட்" என்பது மூன்றாவது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

நமக்குத் தெரிந்ததுதான்

தமிழில் எந்த எண்ணோடும் "ஆம்" அல்லது "ஆவது" சேர்த்தால் வரிசை எண் வந்துவிடும். ஐந்து, ஐந்தாம், ஐந்தாவது. சிங்களத்திலும் இப்படித்தான். "வெனி" என்று முடியும்: பளவெனி, தெவெனி, துன்வெனி. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது சொல்லின் கடைசியில் வரும் "த்" என்ற சத்தம். சிக்ஸ் என்பது சிக்ஸ்த் ஆகும், செவன் என்பது செவன்த் ஆகும், டென் என்பது டென்த் ஆகும்.

முதல் மூன்று மட்டும் இந்த வழிக்கு வராது. அவற்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒன், ஃபர்ஸ்ட். டூ, செகண்ட். த்ரீ, தேர்ட். இதிலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தமிழிலும் "ஒன்றாவது பிள்ளை" என்று நாம் சொல்வதில்லையே, "முதல் பிள்ளை" என்றுதானே சொல்கிறோம்!

மாதத்தின் 31 நாட்களுக்கும் வேண்டிய சொற்கள் இவை. வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

1 முதல் 10 வரை: ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ஃபோர்த், ஃபிஃப்த், சிக்ஸ்த், செவன்த், எய்ட்த், நைன்த், டென்த்.

11 முதல் 20 வரை: இலெவன்த், ட்வெல்ஃப்த், தேர்ட்டீன்த், ஃபோர்ட்டீன்த், ஃபிஃப்டீன்த், சிக்ஸ்டீன்த், செவன்டீன்த், எய்ட்டீன்த், நைன்டீன்த், ட்வென்டியத்.

21 முதல் 31 வரை: ட்வென்டி ஃபர்ஸ்ட், ட்வென்டி செகண்ட், ட்வென்டி தேர்ட், ட்வென்டி ஃபோர்த் என்று ட்வென்டி நைன்த் வரை போய், பிறகு தேர்ட்டியத், தேர்ட்டி ஃபர்ஸ்ட்.

21இலிருந்து பாருங்கள். முன்னால் உள்ள ட்வென்டி மாறவில்லை, கடைசிச் சொல் மட்டும்தான் மாறியது. "இருபத்தைந்தாம்" என்று நாம் சொல்லும்போதும் "ஆம்" கடைசியில் ஒரு தடவைதான் வருகிறது. அதே முறைதான்.

இலக்கத்தின் பக்கத்தில் இரண்டு எழுத்து

கிளினிக் அட்டையிலோ கடிதத்திலோ இலக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ஆங்கில எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அந்த வரிசைச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகள்தான். நாம் 5 எழுதிப் பக்கத்தில் "ஆம்" போடுவது போல.

1, 21, 31 ஆகியவற்றுக்கு எஸ், ரி. 2, 22 ஆகியவற்றுக்கு என், டி. 3, 23 ஆகியவற்றுக்கு ஆர், டி. மற்ற எல்லாவற்றுக்கும் ரி, எச். இதில் "ரி" என்பது தேயிலைக்கு ஆங்கிலத்தில் எழுதும் சொல்லின் முதல் எழுத்து. "டி" என்பது டொக்டர் என்ற சொல்லின் முதல் எழுத்து.

11, 12, 13 மூன்றும் 1, 2, 3 இல் முடிவதுபோலத் தெரிந்தாலும் அவற்றுக்கும் ரி, எச் தான். இலெவன்த், ட்வெல்ஃப்த், தேர்ட்டீன்த் என்று சொல்லிப் பார்த்தால் காரணம் விளங்கும். மூன்றும் "த்" என்றே முடிகின்றன.

எழுத்துக் கூட்டும்போது பிள்ளைகள் கவனிக்க வேண்டிய சொற்கள் ஐந்து. ஃபிஃப்த், ட்வெல்ஃப்த் ஆகியவற்றில் பழைய "வி" எழுத்து "எஃப்" ஆகிவிடும், கடைசி "ஈ" எழுத்தும் போய்விடும். எய்ட்த் சொல்லில் "ரி" இரண்டு தடவை வராது, ஏற்கெனவே உள்ள "ரி"யோடு "எச்" மட்டும் சேரும். நைன்த் சொல்லில் நைனின் கடைசி "ஈ" எழுத்து விழுந்துவிடும். ட்வென்டியத் சொல்லில் கடைசி "வை" எழுத்து போய் "ஐ, ஈ" வரும். தேர்ட்டியத்துக்கும் அதே மாதிரிதான்.

திகதி சொல்வது

வரிசை எண் நமக்கு அதிகம் தேவைப்படுவது திகதிக்குத்தான். ஓகஸ்ட் 3ஆம் திகதியை ஆங்கிலத்தில் "த தேர்ட் ஒஃப் ஓகஸ்ட்" என்று சொல்ல வேண்டும். "த்ரீ ஓகஸ்ட்" என்றாலும் விளங்கும், ஆனால் சரியான பேச்சு முன்னையதுதான். பெரும்பாலும் வரிசை எண்ணுக்கு முன்னால் "த" என்ற சிறிய சொல் வரும் என்பதையும் கவனியுங்கள்.

இங்கே காது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. தேர்ட்டீன்த் என்றால் 13ஆம் திகதி, தேர்ட்டியத் என்றால் 30ஆம் திகதி. அவசரமாகச் சொன்னால் இரண்டும் ஒன்று போலக் கேட்கும். 17 நாள் வித்தியாசம்! சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் "ஒன் த்ரீயா, த்ரீ ஸீரோவா?" என்று கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இன்னொரு இடமும் உண்டு. இன்று ஓகஸ்ட் 3ஆம் திகதி, கிளினிக்கில் திரும்பி வரச் சொல்கிறார்கள் என்று வைப்போம்.

"ஒன் த ஃபிஃப்த்" என்றால் 5ஆம் திகதி.
"ஆஃப்டர் ஃபைவ் டேஸ்" என்றால் ஐந்து நாள் கழித்து, அதாவது 8ஆம் திகதி.
"ஒன் த ஃபிஃப்த் டே" என்றால் ஐந்தாம் நாள். இன்றைய நாளை முதல் நாளாக எண்ணினால் அது 7ஆம் திகதி.

மூன்றிலும் ஐந்துதான் இருக்கிறது, ஆனால் வருவதோ மூன்று வேறு நாட்கள். அதனால் "மிஸ், திகதிய அட்டையில எழுதித் தாங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சில கிளினிக்குகள் மாதத்தின் "செகண்ட் டியூஸ்டே", அதாவது இரண்டாவது செவ்வாய்க்கிழமை என்று நடக்கும். கலண்டரில் இரண்டாவது வரியில் உள்ள செவ்வாய் என்று இதை நினைக்க வேண்டாம். முதலாம் திகதி புதன்கிழமையில் வந்தால், முதல் செவ்வாய் 7ஆம் திகதிதான் வரும். இரண்டாவது செவ்வாய் 14ஆம் திகதி. எந்தக் கிழமையானாலும் முதலாவது 1 முதல் 7க்குள் வரும், இரண்டாவது 8 முதல் 14க்குள், மூன்றாவது 15 முதல் 21க்குள், நான்காவது 22 முதல் 28க்குள் வரும். இதை எழுதிக் கலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

மருந்து விஷயத்தில் "எவ்ரி செகண்ட் டே" என்று சொல்வதுண்டு. தினம் இரண்டு என்று இதற்கு அர்த்தமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றுதான் அர்த்தம். திங்கட்கிழமை குடித்தால் அடுத்தது புதன், பிறகு வெள்ளி.

படிவமும் பிறந்த திகதியும்

படிவங்களில் 03.08.1985 என்று இலக்கத்தால் எழுதுகிறோம். நமது நாட்டில் நாள், மாதம், வருடம் என்று கேட்கும் படிவமும் உண்டு, வருடம், மாதம், நாள் என்று கேட்கும் படிவமும் உண்டு. மாற்றி எழுதினால் ஓகஸ்ட் 3 என்பது மார்ச் 8 ஆகிவிடும். அப்புறம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, வேறு ஆவணத்தில் ஒன்று என்று நின்றுவிடும். அதைச் சரிசெய்ய அலைவது யார்? நாம்தான். ஒருநாள் பேரும் போய், பஸ் காசும் போய்விடும். ஆகவே மாதத்தைப் பெயராலும் நாளை வரிசை எண்ணாலும் எழுத இடம் இருந்தால் அப்படியே எழுதுங்கள். "தேர்ட் ஓகஸ்ட்" என்பதை யாரும் மார்ச் மாதமாக வாசிக்க முடியாது.

நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே ஒரு வரிசை எண் ஒளிந்திருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம், அந்த வருடத்தில் நீங்கள் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் வருடம் நான்கு இலக்கமாக இருக்கும், நாளுக்கான மூன்று இலக்கம் அதன் பிறகு வரும்.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறந்த மாதத்துக்கு நேரே உள்ள எண்ணோடு பிறந்த திகதியைக் கூட்டுங்கள்.

ஜனவரி 0, பெப்ரவரி 31, மார்ச் 60, ஏப்ரல் 91, மே 121, ஜூன் 152, ஜூலை 182, ஓகஸ்ட் 213, செப்டெம்பர் 244, ஒக்டோபர் 274, நவம்பர் 305, டிசம்பர் 335.

இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா வருடமும் 29 நாள் வைத்துத்தான் எண்ணுவார்கள். 1985 ஓகஸ்ட் 3ஆம் திகதி பிறந்தவருக்கு 213ஓடு 3, மொத்தம் 216. ஆண் என்றால் பழைய எண் 85216 என்று தொடங்கும். பெண் என்றால் 85716 என்று தொடங்கும். அதே திகதியை மார்ச் 8 என்று மாற்றிப் பதிந்திருந்தால் 60ஓடு 8, அதாவது 68ஆம் நாள். ஆணுக்கு 85068, பெண்ணுக்கு 85568 என்று தொடங்கும். இப்படிப் பார்த்தால் உங்கள் அட்டை எந்தத் திகதியைச் சொல்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒத்துவராவிட்டால் காலம் இருக்கும்போதே கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். ஓய்வு பெறும் நேரம் வரைக்கும் தள்ளிப் போட வேண்டாம்.

ஐம்பதாவது வயதா, ஐம்பது வயது பூர்த்தியா?

ஈ.பி.எஃப். பணத்தை வயதின் அடிப்படையில் பெறுவதற்குப் பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் ஆகியிருக்க வேண்டும். "எனக்கு அம்பதாவது வயசு நடக்குது, இன்னும் ஏன் தர மாட்டேங்கிறாங்க?" என்று கேட்கும் அக்காமார் இருக்கிறார்கள். இங்கேதான் வரிசை எண் விளையாடுகிறது.

பிள்ளை பிறந்த அன்றே அதன் முதல் வருடம் தொடங்கிவிடுகிறது. அது "ஃபர்ஸ்ட் இயர்". அந்த வருடம் முடியும் நாள்தான் "ஃபர்ஸ்ட் பர்த்டே", முதலாவது பிறந்த நாள். அதே மாதிரி ஐம்பதாவது வருடம் நடக்கிறது என்றால் இன்னும் 49 வயதுதான் பூர்த்தி. "ஃபிஃப்டியத் பர்த்டே", அதாவது ஐம்பதாவது பிறந்த நாள் வந்த அன்றுதான் 50 வயது பூர்த்தி. நடக்கும் வயதுக்கும் முடிந்த வயதுக்கும் எப்போதும் ஒன்று வித்தியாசம்.

பிள்ளையைப் பாடசாலையில் முதலாம் தரத்தில் சேர்க்கும்போதும் இதே கேள்வி வரும். சேர்க்கும் வருடம் ஜனவரி 31ஆம் திகதியன்று ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பார்கள். ஐந்தாவது வயது நடந்தால் போதாது. "ஃபிஃப்த் பர்த்டே" முடிந்திருக்க வேண்டும்.

ஒரே வரியில் இரண்டு எண்

கைப்பிள்ளைகளுக்குப் போடும் பென்டாவலன்ட் தடுப்பூசி மூன்று தடவை. "ஃபர்ஸ்ட் டோஸ்" இரண்டு மாதம் முடிய, "செகண்ட் டோஸ்" நான்கு மாதம் முடிய, "தேர்ட் டோஸ்" ஆறு மாதம் முடிய. இதில் "செகண்ட்" என்பதைப் பார்த்து இரண்டாம் மாத ஊசி என்று நினைத்துவிடக் கூடாது. டோஸுக்குப் பக்கத்தில் இருப்பது எத்தனையாவது ஊசி என்பது. மாதத்துக்குப் பக்கத்தில் இருப்பது பிள்ளையின் வயது. வரிசை எண் எந்தச் சொல்லோடு ஒட்டி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சந்தேகம் என்றால் பிள்ளையின் அட்டையை மிட்வைஃபிடம் காட்டிக் கேளுங்கள்.

எங்கிருந்து எண்ணுவது?

வரிசை எண்ணைக் கேட்டவுடன் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எங்கிருந்து எண்ணுவது?

பெரிய வைத்தியசாலைகளிலும் கந்தோர்களிலும் நிலத்தோடு உள்ள தட்டு "கிரவுண்ட் ஃபுளோர்". அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஒரு மாடி ஏறினால்தான் "ஃபர்ஸ்ட் ஃபுளோர்", இரண்டு மாடி ஏறினால் "செகண்ட் ஃபுளோர்". நிலத்திலிருந்து எண்ணினால் அது மூன்றாவது தட்டு. "செகண்ட் ஃபுளோர்" வார்ட்டில் உள்ளவரைப் பார்க்கப் போகும்போது ஒரு மாடி ஏறிவிட்டு நின்று தேட வேண்டாம்.

லயத்தில் "மூணாவது காம்பரா" என்றால், மேல்தொங்கலில் இருந்து எண்ணினால் ஒன்று, கீழ்த்தொங்கலில் இருந்து எண்ணினால் இன்னொன்று. கதவில் எழுதிய இலக்கம் அப்படி மாறாது. அதனால் விலாசம் எழுதும்போது "தேர்ட் ரூம்" என்று எழுதாமல் "ரூம் நம்பர் த்ரீ" என்று கதவில் உள்ள இலக்கத்தை எழுதுங்கள். வகுப்பும் அப்படித்தான். தரம் 5 என்பதை "கிரேட் ஃபைவ்" என்பார்கள். பெயருக்குப் பின்னால் எண் வந்தால் சாதாரண எண், முன்னால் வந்தால் வரிசை எண் என்று ஞாபகம் வையுங்கள்.

பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் தடுமாறுவதும் இதனால்தான். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அது 18ஆம் நூற்றாண்டு அல்ல, 19ஆம் நூற்றாண்டு, "நைன்டீன்த் செஞ்சுரி". முதல் நூறு வருடம்தான் முதலாம் நூற்றாண்டு. ஆகவே பதினெட்டு நூறு முடிந்து நடப்பது பத்தொன்பதாவது. நடக்கும் வயதுக்கு நாம் சொன்ன அதே கணக்கு.

கடைசியாக ஒரு சங்கதி. "எத்தனையாவது?" என்று நாம் ஒரே சொல்லில் கேட்கிறோம். சிங்களத்தில் "கீவெனி" என்று கேட்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் வழக்கமாகப் பேசும் ஒற்றைச் சொல் இதற்கு இல்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். திகதிக்கு "வட் இஸ் த டேட்?", மாடிக்கு "விச் ஃபுளோர்?", ஊசிக்கு "விச் டோஸ்?" என்று கேளுங்கள். நமது மொழியில் சுலபமாக இருப்பது அங்கே இல்லை என்று தெரிந்தால், ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை.

பயிற்சி

1. மே 12ஆம் திகதியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?
2. 1990 மே 12இல் பிறந்த ஓர் ஆணின் பழைய அடையாள அட்டை எண் எந்த ஐந்து இலக்கத்தில் தொடங்கும்?
3. "எவ்ரி செகண்ட் டே" மருந்தைச் செவ்வாய்க்கிழமை தொடங்கினால் அடுத்த இரண்டு நாட்கள் எவை?
4. 1948ஆம் ஆண்டு எத்தனையாம் நூற்றாண்டு?
5. 13, 23 இரண்டுக்கும் பக்கத்தில் வரும் எழுத்துகள் எவை?

விடைகள்: 1. த ட்வெல்ஃப்த் ஒஃப் மே. 2. 121ஓடு 12, மொத்தம் 133, ஆகவே 90133. 3. வியாழன், சனி. 4. இருபதாம் நூற்றாண்டு, ட்வென்டியத் செஞ்சுரி. 5. 13க்கு ரி, எச். 23க்கு ஆர், டி.

ஐந்தும் சரி என்றால் நல்லது. இரண்டு மூன்று பிழைத்தாலும் பரவாயில்லை, வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இன்று இரவே வீட்டில் உள்ள எல்லாருடைய பிறந்த திகதியையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். அடையாள அட்டை உள்ளவர்கள் அதையும் எடுத்து அந்த மூன்று இலக்கத்தைக் கணக்குப் பாருங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அட்டையும் ஒத்துப் போனால் இரண்டையும் பத்திரமாக மடித்து வையுங்கள்.